கணுக்கால் மூட்டு வீக்கத்துக்கு எந்த ஐசிடி-10-சிஎம் குறியீடு?

ஐசிடி-10-சிஎம் என்பது அமெரிக்காவில் நோய்களைக் குறிக்கப் பயன்படும் குறியீட்டு முறை. அமெரிக்க மருத்துவ பில்லிங்கில் முதலில் பார்க்க வேண்டியது, வீங்கியிருப்பது மூட்டா அல்லது சுற்றியுள்ள திசுவா என்பதுதான். மூட்டு வீக்கம் என்றோ மூட்டில் நீர் கோத்திருக்கிறது என்றோ மருத்துவர் எழுதியிருந்தால் வலது கணுக்காலுக்கு எம்25.471, இடதுக்கு எம்25.472. இரண்டுக்கும் பொதுவான குறியீடு கிடையாது. இரு பக்கமும் வீங்கியிருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள். எம்25.473 பக்கம் குறிப்பிடப்படாத நிலைக்கு. அதைப் போட்டால் கிளெய்ம் (காப்பீட்டுக்கு அனுப்பும் கட்டணக் கோரிக்கை) திரும்பி வர வாய்ப்பு அதிகம். பக்கம் பதிவாகவில்லையா? மருத்துவரிடம் கேட்டுவிடுவதே நல்லது.

தோலை அழுத்தினால் குழி விழும் நீர்வீக்கம் மட்டும் என்றால் அது ஆர்60.0. மூட்டு வீக்கம் பாதத்தில் என்றால் வலதுக்கு எம்25.474, இடதுக்கு எம்25.475.

பெரும்பாலான தவறு நடப்பது இங்கேதான்: காரணம் உறுதியான பிறகும் வீக்கத்தைத் தனியாகச் சேர்ப்பது. வலது கணுக்காலில் சுளுக்கு, எந்தத் தசைநார் என்று குறிப்பில்லை. சிகிச்சை நடக்கிறது என்றால் எஸ்93.401ஏ போதும். வீக்கம் அந்த நோயின் வழக்கமான அறிகுறி, அதற்குத் தனிக் குறியீடு வேண்டாம். தொடர் வருகையில் கடைசி எழுத்து டி ஆகும். ஆனால் வலது கணுக்கால் மூட்டு வீங்கியிருந்து, வெளிநோயாளி குறிப்பில் 'கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதம்) ஆக இருக்கலாம்' என்று மட்டும் இருந்தால் கவுட்டைக் குறியிடக் கூடாது, அப்போது எம்25.471 தான் சரி.