போலீஸ் ‘பிரைன் மேப்பிங்’ செய்யக் கூப்பிட்டால் சம்மதிக்க வேண்டுமா?

கேள்வி: என் தம்பி நகைக்கடன் நிறுவனம் ஒன்றில் காசாளர். லாக்கரிலிருந்த அடகு நகைகள் சில காணாமல் போனதால் அவனைப் பலமுறை ஸ்டேஷனுக்கு அழைத்து விசாரித்துவிட்டார்கள். கைது செய்யவில்லை. இப்போது, “பிரைன் மேப்பிங் பண்ணிக்கோ, தப்பு செய்யலைன்னா உனக்கென்ன பயம்?” என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களும் அதையே சொல்கிறார்கள். அவனோ தூக்கம் வராமல் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறான். மறுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடாதா? - வாசகி, ஈரோடு

பதில்: ஆகாது. உங்கள் தம்பி தாராளமாக மறுக்கலாம். செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மருந்து செலுத்தி அரைமயக்கத்தில் பேசவைக்கும் நார்கோ, பொய் கண்டறியும் கருவிச் சோதனையான பாலிகிராஃப், பிரைன் மேப்பிங் எனப்படும் மூளை மின் அலைச் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவரின் விருப்பத்துக்கு மாறாக நடத்தக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசமைப்புச் சட்டப் பிரிவு 20(3), விசாரணைக் கட்டத்துக்கும் பொருந்தும். இன்னும் கைதாகாத, சந்தேகத்தில் மட்டும் இருக்கிற உங்கள் தம்பிக்கும் பொருந்தும்.

“ரத்தம் எடுக்கலாம், டிஎன்ஏ எடுக்கலாம், இதை மட்டும் ஏன் கூடாது?” என்று கேட்பார்கள். ரத்தமும் முடியும் உடலின் பொருள்கள். ஒருவர் என்ன நினைக்கிறார், எதை அறிந்திருக்கிறார் என்பதை அவை சொல்வதில்லை. மூளைச் சோதனை தேடுவதோ அதைத்தான். வாயைத் திறக்காமலேயே வாக்குமூலம் வாங்கும் முயற்சி அது.

சட்டத்தை விடுங்கள், சோதனையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வலிப்பு நோயாளிகளுக்கு மருத்துவர்கள் நாங்கள் எடுக்கிற அதே இஇஜிதான், அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, படங்களையோ சொற்களையோ காட்டுவார்கள். தனக்குப் பொருள் உள்ள ஒன்றைக் கண்டால், சுமார் 300 மில்லிசெகண்ட் கழித்து மூளையில் ஒரு மின் அலை எழும். பி300 என்பார்கள். 1965-லேயே கண்டறியப்பட்ட, ஆய்வகத்தில் நன்றாகவே பார்க்க முடிகிற அலை. அதைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. அதற்குக் கொடுக்கிற அர்த்தத்தில்தான் சிக்கல்.

“இது இவருக்குத் தெரிந்த பொருள்” என்பது வரைக்கும்தான் அந்த அலை பேசும். எப்படித் தெரிந்தது என்று சொல்லாது. உங்கள் தம்பி அந்த லாக்கரைத் தினமும் பார்த்தவர். நகைப் பைகளின் சீல், சாவி வைக்கிற இடம், ரிஜிஸ்டர் எல்லாமே பழக்கம். போதாததற்கு, விசாரணை என்ற பெயரில் எந்த நகை, எந்தத் தேதி, எப்படிப் போனது என்று போலீஸே அவர் காதில் திரும்பத் திரும்ப ஓதியிருக்கும். பிறகு மூளை அதையெல்லாம் “தெரியும்” என்று காட்டாமல் வேறு என்ன செய்யும்? சம்பவ இடத்துக்கே சம்பந்தமில்லாத ஒருவரிடம் இந்தச் சோதனைக்குக் கொஞ்சமாவது அர்த்தம் இருக்கலாம். உள்ளே வேலை பார்க்கும் ஊழியரிடம் அதுவும் கிடையாது. நிரபராதிக்குத்தான் இங்கே ஆபத்து அதிகம். ‘பயம் எதுக்கு’ என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பியோஸ் என்று நம் நாட்டிலேயே உருவான இன்னொரு முறையும் உண்டு. “நான் லாக்கரைத் திறந்தேன்” என்பது போன்ற வாக்கியங்களை ஒலிக்கவிட, அவர் பேசாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். செய்த அனுபவத்தையும் வெறுமனே கேள்விப்பட்டதையும் மென்பொருள் பிரித்துவிடும் என்கிறார்கள். 2008-ல் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இந்த முடிவையும் சுட்டிக்காட்டி ஆயுள் தண்டனை விதித்தது. உலகெங்கும் நரம்பியலாளர்கள் திகைத்துப் போனார்கள். அதே ஆண்டு பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸின் இயக்குநர் தலைமையிலான குழு, இதற்கு அறிவியல் அடிப்படை போதாது, சான்றாகப் பயன்படுத்த வேண்டாம் என்றது.

“நாங்களே கேட்டு வாங்கி நிரபராதி என்று நிரூபித்துவிடலாமே” என்ற எண்ணமும் உங்கள் வீட்டில் வரக்கூடும். விரும்பிச் செய்துகொண்டாலும் முடிவு தானாக ஆதாரம் ஆகாது. தம்பிக்குச் சாதகமாக வந்தாலும் போலீஸ் விட்டுவிட வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் சோதனையில் கிடைத்த தகவலை வைத்து ஏதாவது பொருள் கைப்பற்றப்பட்டால், அது வழக்குக்குள் வரலாம். நார்கோ சோதனையைக் கேட்டுப் பெறுவது குற்றம் சாட்டப்பட்டவரின் கட்டற்ற உரிமை அல்ல என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஸ்டேஷனில் நீட்டும் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடுவது சம்மதம் ஆகாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ல் பாலிகிராஃபுக்கு வகுத்த நெறிமுறைகளைத்தான் உச்ச நீதிமன்றம் மற்ற இரண்டுக்கும் பின்பற்றச் சொன்னது. அதன்படி சோதனையின் உடல், மன, சட்ட விளைவுகளைப் போலீஸும் வழக்கறிஞரும் விளக்கியிருக்க வேண்டும். சம்மதம் மாஜிஸ்திரேட் முன்னால், வழக்கறிஞர் உடனிருக்கப் பதிவாக வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தார்கள், எப்படி விசாரித்தார்கள் என்பதையும் மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டும். திருச்சி ராமஜெயம் கொலை வழக்கில்கூட, உண்மை கண்டறியும் சோதனைக்கு முன் சந்தேக நபர்களின் சம்மதத்தை நீதிமன்றத்தில்தான் பதிவு செய்தார்கள்.

இவ்வளவும் நடந்தாலும், வேலை போய்விடும், ஊர் பேசும் என்ற பயத்தில் சொல்கிற ‘சரி’யை நான் முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் தம்பி இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறார்.

அடுத்த முறை கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். வழக்கறிஞரோடு போகச் சொல்லுங்கள். சோதனைக்கு விருப்பமில்லை என்பதை எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். விசாரணைக்கே வரமாட்டேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம், அது வேறு விவகாரமாகிவிடும். வழக்கறிஞருக்கு வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

கடைசியாக, அந்தத் தூக்க மாத்திரை. யார் எழுதிக்கொடுத்தது? கடையில் தானாக வாங்கிப் போடுகிறார் என்றால் உடனே ஒரு மருத்துவரைப் பாருங்கள். அந்த வகை மாத்திரைகளில் பல இஇஜி அலைகளையே மாற்றக்கூடியவை. அதற்காகத் திடீரென நிறுத்தவும் கூடாது. சில மாத்திரைகளை அப்படி நிறுத்தினால் வலிப்பே வரலாம்.