ஊரடங்கு எடுத்தாயிற்று, பழைய வானொலி விளம்பரத்தையே திரும்பப் போடலாமா?

கேள்வி (2021 ஒக்டோபர்): இலங்கையில், முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பில் பலசரக்கும் விவசாயச் சாமானும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். கொரோனாவுக்கு முதல் சித்திரை, தீபாவளி நேரங்களில் காலை நிகழ்ச்சியில் 30 செக்கன் விளம்பரம் கொடுப்பேன்; சனம் வரும். 2021 ஒக்டோபர் 1 ஊரடங்கு எடுத்துவிட்டார்கள், நவம்பர் 4 தீபாவளி. அதே விளம்பரத்தைப் போடலாமா, அந்தக் காசை மிச்சம் பிடிப்பதா?

பதில்: விளம்பரம் போடுங்கள். ஆனால் பழையது வேண்டாம். அது கடைக்குக் கூட்டம் சேர்க்க எழுதியது. இப்போது உங்கள் வாடிக்கையாளருக்குத் தேவை ஒரு தகவல்: சாமான் இருக்கிறதா, எப்படி எடுப்பது?

2020 மார்ச் 20 முதல் ஊரடங்கு போடுவதும் எடுப்பதுமாக ஒன்றரை வருடம் போய்விட்டது. ரவுணுக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டு வாங்கும் பழக்கம் இதற்குள் குறைந்துவிட்டது. முதலில் போன் எடுத்துக் கேட்கிறார்கள், பிறகு பட்டியலோடு வந்து இரண்டு கிழமைக்குச் சேர்த்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். கையில் காசு குறைந்தவர்கள் ஊர்ச் சின்னக் கடையில் கொப்பியில் எழுதி வைக்கும் கடனுக்கு வாங்குகிறார்கள். அவர்களை வானொலியால் உங்கள் பக்கம் இழுப்பது கடினம், அதற்குச் செலவழிக்கவும் வேண்டாம். வாங்கும் பொருளும் மாறியிருக்கிறது. வாகன இறக்குமதி நின்றதால் பழைய மோட்டார் சைக்கிளையே திருத்தி ஓடுகிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு விதை தேடுகிறார்கள். பால்மாவுக்குத் தட்டுப்பாடு என்பதால், அது வந்திருக்கிறது என்றால் இன்றைக்கு அதுவே ஒரு செய்தி.

உங்கள் பழைய விளம்பரம் பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கும்: "வாருங்கள், வாருங்கள்! தீபாவளி மாபெரும் மலிவு விற்பனை! முந்தி வரும் 50 பேருக்குப் பரிசு!" தொற்று இன்னும் ஓயாத நேரத்தில் ஐம்பது பேரை ஒரு வாசலில் முண்டியடிக்க வைப்பது பெரிய பிழை. அதற்குப் பதிலாக, மேளம் கொட்டாமல் ஒரு நிதானமான குரலில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சாமான் இருக்கோ எண்டு தெரியாமல் அலையாதேயுங்கோ. போன் எடுத்துப் பட்டியலைச் சொல்லுங்கோ, கட்டி வைப்பம். காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணி வரை. விசுவமடுப் பக்கம் செவ்வாய், ஒட்டுசுட்டான் பக்கம் வெள்ளி எங்கட லாண்ட்மாஸ்டர் வரும்." (லாண்ட்மாஸ்டர் என்றால் இரண்டு சில்லு உழவு இயந்திரம்.) கடைசியில் கடைப் பெயரும் போன் இலக்கமும். பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் ஓட விடாமல் மூன்று, மூன்று, நான்காகப் பிரித்து இரண்டு தரம் சொல்லச் சொல்லுங்கள். அடுப்படியில் நிற்பவர் பேனா தேடி எடுக்க அவ்வளவு நேரம் வேண்டும்.

நேரத்தையும் யோசித்துத் தெரிவு செய்யுங்கள். காலை ஏழு, எட்டு மணிக்கு விளம்பர விலை கூடுதல். பஸ்ஸில் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்களை நம்பித்தான் அந்த விலை. பள்ளிக்கூடங்கள் முழுதாகத் திறக்கவில்லை, பஸ்ஸிலும் பழைய சனம் இல்லை. சமையல் நேரமான பத்து மணிக்குப் பிறகும், பின்னேரச் செய்தியை ஒட்டியும் கேளுங்கள். ஒன்றை மட்டும் நிலையத்தாரிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: உங்கள் விளம்பரம் மரண அறிவித்தலுக்கு முன்னும் பின்னும் வரக்கூடாது. ஓகஸ்ட், செப்டெம்பரில் எத்தனையோ வீடுகள் உறவுகளைக் கடைசியாக முகம் பார்க்கக்கூட முடியாமல் அனுப்பிவைத்தன. அந்த அறிவித்தலை அழுதுகொண்டு கேட்கும் வீட்டில் அடுத்த நொடி உங்கள் கடைப் பெயர் கொண்டாட்டமாக ஒலித்தால் அது மனதில் தைத்துவிடும்.

காலபோக (மாரி மழையோடு செய்யும் பெரும்போக) விதைப்புக் காலம் என்பதால் சேதனப் பசளையையும் (இயற்கை உரத்தையும்) விளம்பரத்தில் சேர்க்க நினைப்பீர்கள். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததிலிருந்து விவசாயிகள் தவித்துப்போய் நிற்கிறார்கள். "விளைச்சல் இரட்டிப்பு" என்று தயவுசெய்து சொல்லாதேயுங்கள். பையில் என்ன இருக்கிறது, எத்தனை கிலோ, என்ன விலை என்பது போதும். வயல் பிழைத்தால் அந்த வாக்குறுதியும் உங்கள் கடையும் சேர்ந்தே நினைவில் நிற்கும்.

சரி, காசு. 30 செக்கனை நாளுக்கு ஒரு தரம் போடுவதை விட, 15 செக்கனாகச் சுருக்கி நாளுக்கு இரண்டு, மூன்று தரம் போடுவது பயன். மேலே சொன்ன வாசகம் 15 செக்கனுக்குள் அடங்காது. லாண்ட்மாஸ்டர் வரும் நாட்களைத் தனி விளம்பரமாக்கி, இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். நாடு முழுதும் கேட்கும் வானொலி என்றால் தெற்கே அம்பாந்தோட்டையில் கேட்பவருக்கும் சேர்த்து நீங்கள் காசு கட்டுகிறீர்கள். வடக்குக்கு மட்டும் ஒலிபரப்ப வழி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் யாழ் எப்.எம். போன்ற பிராந்திய சேவையை விசாரியுங்கள். காசு கட்டுவதற்கு முதல் கடை வாசலிலும் விசுவமடுவிலும் ஒட்டுசுட்டானிலும் அந்த அலைவரிசை இரைச்சல் இல்லாமல் எடுக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். போனில் உள்ள எப்.எம். வானொலியில் கேட்பதானால் வயர் உள்ள ஹெட்செட்டைக் குத்த வேண்டும், அதுதான் அன்ரெனா.

விளம்பரத்துக்கென்று ஒரு புது சிம் எடுத்து அந்த இலக்கத்தை வானொலியில் மட்டும் சொல்லுங்கள். அதற்கு வரும் அழைப்புகளை ஊர், கேட்ட சாமான், வாங்கினாரா என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். இரண்டு கிழமையில் எந்த நேரம் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முதல் இன்னொன்று. பால்மா இருக்கிறது என்று விளம்பரம் போய்க்கொண்டிருக்க, கடையில் முடிந்துவிட்டால், பஸ் காசு கொடுத்து வந்து வெறுங்கையோடு திரும்புகிறவர் திரும்ப வரமாட்டார். ஆகவே வாசகத்தை இடையில் மாற்ற எத்தனை மணித்தியாலம் எடுக்கும், அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.