நிமோனியா சரியாயிடுச்சு, ஆனா இன்னும் மூச்சு வாங்குதே டாக்டர்?

கோவிட் நிமோனியா, ஃப்ளூ நிமோனியான்னு ஐசியூ வரைக்கும் போய் வந்தவங்க கேட்ட கேள்விகள் நிறைய சேர்ந்துடுச்சு. எல்லாரும் நுரையீரலையே பிடிச்சுக்கிட்டு கேக்குறீங்க, ஆனா பல பேருக்கு இப்போ தொல்லை குடுக்குறது படுத்த படுக்கையா இருந்ததும் அப்போ போட்ட ஸ்டீராய்டும்தான்.

வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. மாடி ஏறினா மூச்சு வாங்குது. ஆக்ஸிஜன் பாத்தா 97 காட்டுது. அப்புறம் ஏன்?

உக்காந்துட்டு பாத்தா 97தான் காட்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியை சுவரோரமா போட்டு, பக்கத்துல ஒருத்தர வச்சுக்கிட்டு, ஒரு நிமிஷம் முடிஞ்ச அளவு எழுந்து உக்காருங்க, ஆக்ஸிமீட்டர் விரல்லயே இருக்கட்டும் (நெயில் பாலிஷ், மருதாணி இல்லாத விரல், கை ஜில்லுன்னு இருந்தா கொஞ்சம் தேச்சுட்டு). 4 பாயிண்டோ அதுக்கு மேலயோ இறங்குனா நுரையீரல் டாக்டரை பாத்து, பிஎஃப்டின்னு சொல்ற நுரையீரல் செயல்பாட்டு டெஸ்ட் எடுங்க, அதோட டிஎல்சிஓவும் (நுரையீரல்ல இருந்து ரத்தத்துக்கு காத்து எவ்வளவு நல்லா போகுதுன்னு பாக்குறது) சேத்துக்கோங்க. உக்காந்திருக்கும்போதே 94க்கு கீழன்னா இந்த டெஸ்டே வேணாம், நேரா டாக்டர்கிட்ட போங்க. இறங்கவே இல்லன்னா ஹீமோகுளோபினும் இதயமும் ஒரு தடவை பாத்துடுங்க, அதுவும் சரின்னா பெரும்பாலும் தொடை சதை கரைஞ்சதுதான் காரணம், ஐசியூல படுத்தா சதை அவ்வளவு வேகமா போகும், அதுக்கு இன்ஹேலர் ஒண்ணும் பண்ணாது, முட்டை, பருப்பு, சுண்டல், கூட தினமும் கொஞ்சம் கொஞ்சமா நடைதான் மருந்து.

அப்புறம் மூச்சுப் பயிற்சிக்குன்னு ஆஸ்பத்திரில குடுக்குற அந்த மூணு பந்து ஸ்பைரோமீட்டர். அதை ஊதக்கூடாது, உறிஞ்சணும்! வர்றவங்கள்ல நிறைய பேர் மாசக்கணக்கா பலூன் மாதிரி ஊதிக்கிட்டு இருக்காங்க, சொல்லிக் குடுக்காம கையில குடுத்து அனுப்புனா பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க.

டிஸ்சார்ஜ் ஆகும்போது எடுத்த சிடி ரிப்போர்ட்ல ஃபைப்ரோசிஸ்னு இருக்கு. நுரையீரல் மாத்தணுமா?

ஐயோ, அவ்வளவு தூரம் போகாதீங்க. ஃபைப்ரோசிஸ்னா நுரையீரல்ல தழும்பு விழுறது. டிஸ்சார்ஜ் நேரத்து சிடில தெரியுற வெள்ளைத் திட்டுல நிறைய மாசக்கணக்குல தானா கரையும், சிலருக்கு ஒரு வருஷம் கூட இழுக்கும். 3 மாசம் கழிச்சும் மூச்சு வாங்குனா மட்டும் திரும்ப எடுத்து பழசோட ஒப்பிட்டு பாக்கணும். சும்மா பயத்துக்கு பிர்ஃபெனிடோன்னு தழும்புக்கான மாத்திரை கேக்காதீங்க, அது வருஷா வருஷம் மோசமாகிட்டே போற ஐபிஎஃப் மாதிரி நுரையீரல் தழும்பு நோய்க்கானது, வயித்தை பிரட்டும், வெயில் பட்டா தோல் சிவக்கும்.

அப்பாவுக்கு 54 வயசு. 5 மாசம் கழிச்சு இடுப்பு, தொடை இடுக்குல வலி, சம்மணம் போட்டு உக்கார முடியல. எக்ஸ்ரே நார்மல்.

இந்த கேள்விக்குதான் இன்னிக்கு முக்கியமா பதில் சொல்லணும். எக்ஸ்ரே நார்மல்னு விட்டுடாதீங்க. அதிக டோஸ் ஸ்டீராய்டுக்கு அப்புறம் தொடை எலும்போட பந்து பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு எலும்பு செத்துப்போகலாம், ஏவிஎன்னு சொல்வோம். 2003ல சார்ஸ் (கோவிட் மாதிரியே இன்னொரு கொரோனா வைரஸ் நோய்) வந்து பிழைச்சவங்க கிட்ட ஹாங்காங், பெய்ஜிங் டாக்டர்கள் இதை நிறைய பாத்தாங்க. ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது, எம்ஆர்ஐல தெரியும். பந்து உள்ள அமுங்குறதுக்கு முன்னாடி புடிச்சா மூட்டை காப்பாத்த வாய்ப்பு இருக்கு, அமுங்கிட்டா கடைசில மூட்டு மாத்து ஆபரேஷன்தான். மூட்டு தேய்மானம்னு சொல்லி வலி மாத்திரையிலயே மாசத்தை ஓட்டாதீங்க, டிஸ்சார்ஜ் சம்மரியில ஸ்டீராய்டு பேரும் டோஸும் இருக்கும், அதை எலும்பு டாக்டர்கிட்ட கண்டிப்பா காட்டுங்க.

முடி கொத்துக் கொத்தா கொட்டுது.

கடுமையான காய்ச்சலுக்கு 2, 3 மாசம் கழிச்சு இப்படி கொட்டும், பெரும்பாலும் தானா முளைச்சிடும். சீரம் வாங்குற காசுக்கு மீன் வாங்கி சாப்பிடுங்க.

ஒரு நாள் நல்லா இருக்குன்னு வீட்டு வேலை எல்லாம் செஞ்சேன், அடுத்த ரெண்டு நாள் எந்திரிக்கவே முடியல. சோம்பேறின்னு வீட்ல சொல்றாங்க.

சொல்றவங்ககிட்ட இதை படிச்சு காட்டுங்கம்மா. இது சோம்பேறித்தனம் இல்ல, கோவிட் போயும் மாசக்கணக்கா தொல்லை நீடிக்குற லாங் கோவிட்ல அடிக்கடி பாக்குறதுதான். முதல் கேள்விக்கு சொன்ன நடை உங்களுக்கு அப்படியே பொருந்தாது, தம் கட்டி நடந்தா இன்னும் படுத்துடுவீங்க. வேலையை பிரிச்சு செய்ங்க, களைப்பு வர்றதுக்கு முன்னாடியே உக்காருங்க, காய் நறுக்குறதை கூட உக்காந்தே செய்ங்க.

திரும்ப இருமல், சாயங்காலம் லேசா காய்ச்சல், எடை குறையுது. பழைய நிமோனியாவோட மிச்சமா?

அப்படி நினைச்சு உக்காந்திராதீங்க. ஸ்டீராய்டு எடுத்த உடம்புல தூங்கிக்கிட்டு இருந்த டிபி முழிச்சுக்கலாம். இருமல் ரெண்டு வாரம் தாண்டிட்டா அரசு ஆஸ்பத்திரில சளி டெஸ்ட் இலவசம், அப்படியே சுகரும் பாத்துட்டு வாங்க.