பையன்கள் செட்டில் ஒருத்தன் பேச்சு மட்டும் எடுபடுவது ஏன்? நேற்றைய கூட்டாளி இன்று மாறுவது ஏன்?

எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பையன்கள் சேரும் செட்டில் எழுதாத வரிசை ஒன்று இருக்கும். என்ன ஆட்டம், யார் எந்தப் பக்கம், அவுட்டா இல்லையா என்பதில் கடைசிச் சொல் யாருடையதோ, கை ஓங்கியவன் அவன்தான்.

தோட்டத்துக் கோழிகளைக் கவனியுங்கள். புதுக்கோழியை விட்டால் சில நாள் ஓயாத கொத்தல். யாருக்கு யார் அடக்கம் என்று தெரிந்ததும் தணிந்துவிடும். பையன்களுக்கும் அதேதான். திருப்பூர் லைன் வீட்டுக்குப் புதுக் குடும்பம் குடிவந்தால், அந்தப் பையனுக்கு இடம் முடிவாகும்வரை சண்டைதான்.

கூட்டாளி மாறுவதற்குக் குணக்கேடு காரணமல்ல. இந்த வயதில் நட்பு, கூட ஆடுவதில் நிற்கிறது. 1949-இல் அமெரிக்க உளவியலாளர் முசாபர் ஷெரீப், கோடை முகாமில் 24 பையன்களை, நெருங்கிய நண்பர்களைப் பிரித்தே, இரு அணியாக்கினார். சில நாட்களில், யார் உன் நண்பன் என்று கேட்டால், பெரும்பாலோர் புது அணிக்காரர்களையே சொன்னார்கள். போதாததற்கு, மட்டை வைத்திருப்பவன் பக்கம் நின்றால் பேட்டிங் சீக்கிரம் கிடைக்கும்! ‘காய்’ விட்டவன் சாயங்காலமே ‘பழம்’ விடுவதும் இதனால்தான்.

அடிக்கிறவன்தான் தலைவன் என்று பலர் நினைக்கிறார்கள். அடி மட்டுமே தெரிந்தவனைப் பையன்கள் பயந்து ஒதுக்குவார்கள், ஆட்டத்தைக் கூட்டி நடத்தத் தெரிந்தவன் பின்னால்தான் போவார்கள்.