நேர்காணல் தேதி எப்போது வரும்? வாசகர் கேள்விகள்

அமெரிக்காவுக்குக் குடும்ப வழியில் குடியேற விண்ணப்பித்து, ஆவணங்கள் எல்லாம் ஏற்கப்பட்ட பிறகும் நேர்காணல் தேதி கிடைக்காமல் இருப்பவர்களிடமிருந்து இம்முறை கடிதங்கள் அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

என் கணவர் அமெரிக்கக் குடிமகன். 'டாக்குமென்டரிலி குவாலிஃபைட்' (ஆவணங்கள் முழுமை) என்று தேசிய விசா மையத்திலிருந்து (என்.வி.சி.) மின்னஞ்சல் வந்து எட்டு மாதம் ஆகிறது. எனக்குப் பிறகு மனுப் போட்ட ஒருவருக்குத் தேதி வந்துவிட்டது. என் கோப்பு எங்காவது முடங்கிக் கிடக்கிறதா?
– வாசகி, திருச்சி

முடங்கியிருக்க வாய்ப்பு குறைவு. ஐ-130 என்ற உறவினர் மனுவைப் போட்ட நாளை வைத்து உங்கள் வரிசை நகர்வதில்லை. தூதரகம் தன்னால் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று என்.வி.சி.க்குச் சொல்லும். ஆவணங்கள் முழுமையானதாக ஏற்கப்பட்ட தேதியின் வரிசைப்படி அந்த இடங்களை என்.வி.சி. நிரப்பும். உங்களுக்குப் பின்னால் மனுப் போட்டவருடைய ஆவணங்கள் முதல் பரிசீலனையிலேயே தேறியிருக்கலாம். ஒரு சான்றிதழ் திருப்பி அனுப்பப்பட்டாலும், அதைச் சரிசெய்து மறுபடி ஏற்றி, மறுபடி பரிசீலனைக்குக் காத்திருக்க வேண்டும். மாதங்கள் அங்கேதான் போகும். தவிர, அவர் வேறு தூதரகத்தில் இருந்தால் அந்த வரிசைக்கும் உங்கள் வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் வழக்கு எண் 'பிஎம்பி' என்று தொடங்கினால் நீங்கள் மும்பை வரிசையில் இருக்கிறீர்கள்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயண இணையதளத்தில், ஒவ்வொரு தூதரகத்திலும் எந்த மாதம் தகுதி பெற்றவர்களுக்கு இப்போது தேதி தருகிறார்கள் என்று காட்டும் பகுதி இருக்கிறது. உங்கள் தகுதித் தேதியை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மாதம் உங்களைத் தாண்டிப் போயிருந்தால் மட்டும் என்.வி.சி.யின் கேள்விப் படிவத்தில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை எழுதினால் வாரம் ஒரு முறை அதே பதில் வரும், அவ்வளவுதான்.

இரண்டு விஷயங்களை இன்றே பாருங்கள். முதலாவது, வழக்கில் பதிவான மின்னஞ்சல் யாருடையது? முகவரின் முகவரியைக் கொடுத்துவிட்டு, அவரோடு தொடர்பு விட்டுப்போனதால் நேர்காணல் கடிதத்தையே பார்க்காமல் விட்டவர்கள் உண்டு. உங்கள் மின்னஞ்சலையும் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, குடியேற்றச் சட்டத்தின் 203(ஜி) பிரிவு. என்.வி.சி.யின் அறிவிப்புக்கு ஓர் ஆண்டுக்குள் எந்தப் பதிலும் இல்லையென்றால் பதிவு ரத்தாகலாம். காரணம் உங்கள் கையை மீறியது என்று இரண்டு ஆண்டுக்குள் நிரூபித்தால் மீட்கலாம் என்றாலும், அந்த அலைச்சல் எதற்கு? வழக்கின் நிலையைக் காட்டும் சியாக் இணையதளத்தில் அவ்வப்போது உள்நுழைந்து பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது தொடர்பில் இருங்கள்.

நேரத்தை மிச்சப்படுத்த மருத்துவப் பரிசோதனையை இப்போதே முடித்து வைக்கலாமா?
– வாசகர், கோவை

வேண்டாம். பரிசோதனை அதிகபட்சம் 6 மாதம்தான் செல்லும். காசநோய் தொடர்பான சில நிலைகளில் 3 மாதம்தான். விசாவின் காலாவதித் தேதியும் பரிசோதனையின் காலாவதித் தேதியைத் தாண்டாது. முன்கூட்டியே செய்தால், நேர்காணலில் தேறிய பிறகு பயணத்துக்குச் சில வாரம் மட்டுமே மிஞ்சும், அல்லது மறுபடி பணம் கட்டிச் செய்ய வேண்டிவரும். நேர்காணல் கடிதம் கையில் வந்தபின், தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும் செய்யுங்கள்.

ஆனால் கடிதம் வந்த பிறகு ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். எக்ஸ்-ரேயில் பழைய தழும்பு தெரிந்தால்கூட மூன்று நாள் சளி மாதிரி எடுத்து கல்ச்சர் சோதனைக்கு அனுப்புவார்கள். அதன் முடிவு வர எட்டு வாரம் ஆகலாம். வீட்டில் யாருக்காவது முன்பு காசநோய் வந்து குணமாகியிருந்தால், சிகிச்சைப் பதிவுகளையும் பழைய எக்ஸ்-ரேக்களையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். தடுப்பூசிப் பதிவும் அப்படியே. காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டிய மருத்துவ வேலை இவ்வளவுதான்.

கணவர் கிரீன் கார்டு வைத்திருக்கிறார். என்னையும் இரண்டு பிள்ளைகளையும் எஃப்2ஏ பிரிவில் (கிரீன் கார்டு உள்ளவரின் துணைவர், சிறு பிள்ளைகளுக்கானது) ஒரே மனுவில் சேர்த்திருக்கிறார். இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் எங்களுக்குச் சீக்கிரம் கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, நாகர்கோவில்

உங்களுக்கு உண்மை. பிள்ளைகளுக்கு அதுவே பெரிய பள்ளம்.

அவர் குடிமகன் ஆனதும் நீங்கள் 'உடனடி உறவினர்' பிரிவுக்கு மாறுவீர்கள். அந்தப் பிரிவில் ஆண்டு உச்சவரம்பு கிடையாது. யாருக்கு முறை வந்திருக்கிறது என்று மாதந்தோறும் வெளியாகும் விசா புல்லட்டினைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அதே பிரிவில் 'உடன் வரும் குடும்பத்தினர்' என்ற வசதியும் கிடையாது. இன்றுவரை உங்கள் மனுவின் நிழலில் நிற்கும் இரண்டு பிள்ளைகளும் அவர் குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாளில் அந்த நிழலை இழப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா தனித்தனி ஐ-130 போட்டாக வேண்டும். பலர் இதை நேர்காணல் கடிதத்தில் தங்கள் பெயர் மட்டும் இருப்பதைப் பார்த்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள். அப்புறம் அம்மா போவதா, பிள்ளைகளுக்காக நிற்பதா என்ற இழுபறி.

இதற்கு வழி எளிது. பிள்ளைகளுக்கான தனி மனுக்களை இப்போதே, அவர் கிரீன் கார்டுடன் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். அவர் குடிமகன் ஆகும்போது 21 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளின் மனுக்களும் தாமாகவே உடனடி உறவினர் பிரிவுக்கு வந்துவிடும். பிறகு குடியுரிமைச் சான்றிதழின் நகலை, எல்லா வழக்கு எண்களையும் குறிப்பிட்டு, என்.வி.சி.க்கு அனுப்ப வேண்டும். அவர்களாகத் தெரிந்துகொள்வார்கள் என்று இருக்காதீர்கள். பிள்ளைகளில் யாருக்காவது 21 நெருங்கினாலோ தாண்டிவிட்டாலோ, உறுதிமொழி நாளுக்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் தேதிகளைக் காட்டிக் கணக்குப் பார்த்துவிடுங்கள். கட்டணம் கொடுத்து ஆலோசனை கேட்பது நியாயமான இடம் இது.

என் மகள் எஃப்2ஏ பிரிவில் என்னோடு வருகிறாள். தேதி இழுத்துக்கொண்டே போகிறது. இதற்குள் 21 முடிந்துவிட்டது. அவள் பெயர் நீங்கிவிடுமா?
– வாசகி, மதுரை

நீங்கியே தீரும் என்று இல்லை. 2002-இல் வந்த சிறார் நிலைப் பாதுகாப்புச் சட்டம் (சி.எஸ்.பி.ஏ.) இதற்காகவே இருக்கிறது. பிறந்தநாளை வைத்து முடிவு செய்யாமல் இப்படிக் கணக்கிடுங்கள்.

முதலில், விசா எண் கிடைக்கத் தொடங்கிய நாள். விசா புல்லட்டினில் 'ஃபைனல் ஆக்‌ஷன்' அட்டவணைப்படி உங்கள் முன்னுரிமைத் தேதி (மனு போட்ட நாள்) நடப்புக்கு வந்த, அதாவது முறை வந்த மாதத்தின் முதல் தேதி, மனு ஏற்கப்பட்ட தேதி, இவற்றில் எது பிந்தியதோ அது. அன்று மகளின் வயது என்ன? அதிலிருந்து, மனு போட்ட நாளுக்கும் ஏற்கப்பட்ட நாளுக்கும் இடையிலான காலத்தைக் கழியுங்கள். அன்று அவளுக்கு 21 வயது 8 மாதம், மனு 16 மாதம் நிலுவையில் இருந்தது என்று வையுங்கள். 21 வயது 8 மாதத்தில் 1 ஆண்டு 4 மாதம் போக 20 வயது 4 மாதம். சட்டத்தின் கண்ணில் அவள் இன்னும் சிறார். மனு எவ்வளவு காலம் இழுத்ததோ அவ்வளவும் உங்களுக்குச் சாதகமாகத் திரும்புகிறது. இந்த முழு நடைமுறையிலும் தாமதம் நன்மை செய்யும் இடங்கள் மிகச் சில, அதில் இது ஒன்று.

ஆனால் இதோடு ஒரு நிபந்தனை உண்டு. விசா எண் கிடைத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மகளுக்காக விசாவை நாடியிருக்க வேண்டும். அவளுடைய டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பப் படிவத்தைச் சமர்ப்பித்திருந்தாலோ, விசாக் கட்டணத்தைக் கட்டியிருந்தாலோ அது போதும். 'அம்மாவுடையது முடியட்டும், பிறகு பார்ப்போம்' என்று பிள்ளையின் கட்டணத்தைத் தள்ளிப்போட்டவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கணக்குத் தாளை ஒரு பக்கத்தில் எழுதி, தேதிகளுக்கான சான்றுகளோடு நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள். அமெரிக்காவுக்குள் நுழையும்வரை அவளுக்குத் திருமணம் நடக்கக் கூடாது; நிச்சயதார்த்தம் தடையில்லை.

காவல்துறைச் சான்றிதழ் (பிசிசி) வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. காத்திருப்பில் அது காலாவதியாகிவிடுமா? வேறு எதெல்லாம் பழசாகும்?
– வாசகர், சேலம்

பிசிசி 2 ஆண்டு செல்லும். முன்பு நீங்கள் வசித்த வெளிநாட்டின் சான்றிதழ் என்றால், அதை வாங்கிய பிறகு அந்த நாட்டுக்கு நீங்கள் திரும்பப் போகாத வரைக்கும் காலாவதி கிடையாது. எனவே வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் பழைய சான்றிதழை நினைத்துப் பதற வேண்டாம். இந்தியச் சான்றிதழைத்தான் கவனிக்க வேண்டும். உங்களுடையதற்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. நேர்காணல் கடிதம் வந்ததும் பாஸ்போர்ட் சேவா வழியாகப் புதிதாக விண்ணப்பியுங்கள். முகவரி மாறியிருந்தால் போலீஸ் விசாரணை சேர்ந்து கூடுதல் நாள் பிடிக்கும், அதற்கேற்ப முந்திக்கொள்ளுங்கள். 16 வயது நிரம்பிய எல்லோருக்கும் இது வேண்டும். காத்திருக்கும்போதே 16 தொட்ட பிள்ளையை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு.

ஆதரவுப் பத்திரமான ஐ-864-உடன் கொடுத்த வருமான வரிச் சான்றும் பழசாகும். இடையில் ஒரு வரி ஆண்டு போயிருந்தால், புதிய ஆண்டின் வரி டிரான்ஸ்கிரிப்டையும் சமீபத்திய சம்பளச் சீட்டுகளையும் ஸ்பான்சரிடம் (அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டவரிடம்) கேட்டு வாங்குங்கள். அவருடைய வருமானம் அமெரிக்க அரசின் வறுமை வழிகாட்டி அளவில் 125 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, வேலை போயிருந்தாலோ, கூட்டு ஸ்பான்சர் ஒருவரின் ஐ-864-ஐத் தயாராக வைத்திருங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் பழையதையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். தகுதி பெற்றுவிட்ட வழக்கில், யாரும் கேட்காமல் எதையும் புதிதாகப் பதிவேற்ற வேண்டியதில்லை. அசலை நேர்காணலில் கொடுத்தால் போதும்.

பணம் கொடுத்தால் மூன்று மாதத்தில் தேதி வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், விழுப்புரம்

கூடாது. என்.வி.சி.யில் கட்ட வேண்டியது ஆளுக்கு 325 டாலர் விசாக் கட்டணம், ஆதரவுப் பத்திரத்துக்கு 120 டாலர். விசா வந்தபின் குடியேற்றக் கட்டணம் 235 டாலர். மருத்துவருக்குத் தனி. 'விரைவு நேர்காணல்' என்று ஒரு கட்டணமே இல்லை.

நேர்காணலை முன்கூட்டித் தருமாறு கேட்க உரிமை உண்டு, அது இலவசம். உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரம் என்றால்தான் பலன் இருக்கும். மருத்துவர் அல்லது மருத்துவமனையின் கடிதத்தில் அவர்களைத் தொடர்புகொள்ளும் விவரமும், இது உயிர் போகக்கூடிய அவசரம் என்ற தெளிவான வாசகமும் இருக்க வேண்டும். வழக்கு எண், மனுதாரர் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றோடு மனுதாரரே அதை என்.வி.சி.க்கு அனுப்ப வேண்டும். முடிவெடுப்பது தூதரகம். 'பிரிவு தாங்க முடியவில்லை' என்று பத்துப் பக்கம் எழுதினாலும் நகராது; கடுமையாகத் தோன்றும், ஆனால் வரிசையில் இருக்கும் எல்லோருக்கும் அந்தக் காரணம் உண்டு. எஃப் வகைப் பிரிவுகளில் முன்னுரிமைத் தேதி நடப்புக்கு வராத வரை எந்த அவசரத்துக்கும் தேதி தர முடியாது, ஏனென்றால் கொடுக்க விசா எண்ணே இருக்காது.

மனுதாரர் தன் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் தகவல் வெளியீட்டு ஒப்புதல் படிவம் கொடுத்து விசாரிக்கச் சொல்லலாம். காணாமல்போன கோப்பு, பதிலில்லாத கேள்வி போன்றவற்றுக்கு அது உதவும். வரிசையைத் தாண்ட உதவாது.

திருமணமாகி இருபது மாதம். தேதி தள்ளிப்போனால் பாதிப்பு உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

லாபம் உண்டு. அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி 2 ஆண்டு நிறைந்திருக்காவிட்டால் சிஆர்1 என்ற நிபந்தனைக் கிரீன் கார்டு. 2 ஆண்டுதான் செல்லும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளில் நிபந்தனையை நீக்க ஐ-751 மனுப் போட்டு, கட்டணம் கட்டி, திருமணத்தை மறுபடி நிரூபிக்க வேண்டும். 2 ஆண்டு நிறைந்தபின் நுழைந்தால் ஐஆர்1, நேரடியாக 10 ஆண்டு அட்டை. விசா சிஆர்1 என்று அச்சாகியிருந்தாலும், நுழையும்போது 2 ஆண்டு தாண்டியிருந்தால் விமான நிலைய அதிகாரியிடம் திருமணச் சான்றிதழைக் காட்டி மாற்றச் சொல்லுங்கள்.

வேலையை இப்போதே விடலாமா?
– வாசகி, சென்னை

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை விட வேண்டாம். டிக்கெட்டும் அப்படியே, வீடு விற்பதும் அப்படியே.

நேர்காணல் முடிந்தது. 221(ஜி) என்று ஒரு தாள் கொடுத்தார்கள். இணையதளத்தில் 'ரெஃப்யூஸ்டு' என்று காட்டுகிறது. எல்லாம் போய்விட்டதா?
– வாசகர், திருநெல்வேலி

இல்லை. 221(ஜி) என்பது ஆவணமோ பரிசீலனையோ முடியாததால் விசாவை நிறுத்திவைக்கும் சட்டப் பிரிவு. அதில் நிற்கும் வழக்குகளுக்கு அந்தச் சொல்தான் திரையில் வரும். கொடுத்த தாளைப் பாருங்கள். ஆவணம் கேட்டிருந்தால், கேட்ட வழியிலேயே, கேட்டது அத்தனையும் ஒரே தடவையில் கொடுங்கள்; ஓர் ஆண்டுக்குள் கொடுக்காவிட்டால் புதிதாக விண்ணப்பித்து மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். எதுவும் கேட்காமல் 'நிர்வாகப் பரிசீலனை' என்று மட்டும் இருந்தால் உங்கள் பக்கம் வேலை இல்லை. ஆனால் மருத்துவப் பரிசோதனை செய்த தேதியைக் குறித்து வையுங்கள். அது காலாவதியாகிவிட்டால் விசா கொடுக்க முடியாது. பரிசோதனை செய்து ஐந்தாம் மாதம் தொடங்கியும் பதில் வராவிட்டால் அந்தத் தேதியைக் குறிப்பிட்டுத் தூதரகத்துக்கு எழுதுங்கள். மறுபரிசோதனையை மட்டும் அவர்கள் சொன்ன பிறகு செய்தால் போதும்.