கேள்வி பதில்: தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?

கே: நான் ஒரு தப்பும் செய்வதில்லை. என் போனை அரசு ஒட்டுக்கேட்டால் எனக்கு என்ன நஷ்டம்? பாதுகாப்புதானே முக்கியம்?

ப: ஓட்டுப் போடுவதும் தப்பில்லைதான், அதை ஏன் மறைவாகப் போடுகிறோம்? சிக்கல் என்னவென்றால், எது தப்பு என்று முடிவு செய்வது நீங்கள் இல்லை. அது நாளைக்கு மாறலாம், ஆனால் இன்றைக்குச் சேர்த்து வைத்த தகவல் அப்படியே இருக்கும். அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியர்களும் அங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உண்மையைத்தான் சொன்னார்கள். ஜப்பானோடு போர் மூண்டு, 1942-இல் அவர்களை முகாம்களில் அடைக்க முடிவானபோது, எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று கண்டுபிடிக்க அந்தக் கணக்கே உதவியது. சுமார் 1,20,000 பேர். மூன்றில் இரண்டு பங்கு அந்த நாட்டுக் குடிமக்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. உச்ச நீதிமன்றம்கூட 1944-இல் அரசு பக்கம்தான் நின்றது. 1988-இல்தான் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் போட்டார்கள். நடுவில் போனது 46 வருடம்.

அதற்காக யாரையுமே ஒட்டுக்கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குண்டு வைக்கத் திட்டம் போடுபவன் போனைக் கேட்கத்தான் வேண்டும். போலீஸ் தானே முடிவு செய்துகொள்ளாமல், ஒரு நீதிபதியிடம் காரணத்தைக் காட்டி, இந்த ஆள், இத்தனை நாள் என்று உத்தரவு வாங்கிக்கொண்டு கேட்கட்டும்.

கே: நாடே ஆபத்தில் இருக்கும்போதும் உரிமை பேசிக்கொண்டிருந்தால் எப்படி?

ப: 1966-இல் ஐ.நா. ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையே, அப்படிப்பட்ட நேரத்தில் சில உரிமைகளை நிறுத்திவைக்கலாம் என்கிறது. அப்போதும் சித்திரவதை கூடாது, அடிமைத்தனம் கூடாது; அதெல்லாம் எந்த நிலையிலும் கை வைக்க முடியாத பட்டியல். சரி, நிறுத்திவைத்ததை எப்போது திருப்பித் தருவார்கள்? 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு பிரான்ஸில் அறிவித்த அவசரநிலை முதலில் 12 நாளுக்குத்தான். நீட்டித்து நீட்டித்து, முடிந்தது 2017 நவம்பரில். முடியும்போதும் அதிலிருந்த சில அதிகாரங்கள் வேறு பெயரில் சாதாரணச் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. ஆபத்து பொய் என்று யாரும் சொல்லவில்லை, 130 பேர் செத்தார்கள். ஆனால் 'தாற்காலிகம்' என்ற வார்த்தையைக் கேட்டால் நான் முதலில் தேதியைத்தான் தேடுவேன்.

கே: என் தலை, என் இஷ்டம். ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் ஏன்?

ப: பிறருக்குக் கெடுதல் வராதவரை ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1859-இல் எழுதிய ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் உங்கள் பக்கம் நிற்கக்கூடும். இடியப்போகும் பாலத்தில் தெரியாமல் ஏறுபவனைப் பிடித்து இழுக்கலாம், தெரிந்தே ஏறுபவனை எச்சரிக்க மட்டும் செய்யலாம் என்பது அவர் கட்சி. சீட் பெல்ட் என்றால் கதை வேறு. பெல்ட் போடாமல் பின்னால் உட்கார்ந்திருப்பவர் மோதலில் முன்னால் இருப்பவர் மேல்தான் போய் விழுவார். ஹெல்மெட்டுக்கு அவ்வளவு சுலபமாக என்னால் வாதாட முடியவில்லை. நான் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.