பல வருடம் டை அடித்தபின் நிறுத்திவிட்டு நரைமுடிக்கு மாறுவது எப்படி?

கேட்டவர் சொன்ன விவரம் சுருக்கமாக: வயது 48, பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கருப்பு டை, தோள் வரை முடி. மூன்று வாரம் தாண்டினால் வேரில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது, அலுத்துவிட்டது. நிறுத்தினால் பாதி வெள்ளை பாதி கருப்பாக எத்தனை நாள் இருக்க வேண்டும், அதைத் தவிர்க்க வழி உண்டா?

தவிர்க்க வழி இல்லை, குறைக்க உண்டு. நானும் ஐம்பதை நெருங்கும்போது நிறுத்தியவள்தான். இப்போது தலையில் இருப்பது முழுக்கச் சொந்த நிறம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1.25 செ.மீ. வளரும். வருடத்துக்குச் சுமார் 15 செ.மீ. எந்த எண்ணெயும் இந்த வேகத்தைப் பெரிதாகக் கூட்டிவிடாது. தோள் வரை உள்ள முடி வேரிலிருந்து நுனி வரை 30, 35 செ.மீ. வரும். ஒரு அங்குலம்கூட வெட்டாமல் விட்டால் டை முழுசாக இறங்க இரண்டு, இரண்டரை வருடம். தாடை அளவு பாப் வெட்டிக்கொண்டால் ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். காது தெரியும் அளவுக்குக் குட்டையாக வெட்டத் துணிந்தால் எட்டு ஒன்பது மாதம் போதும். ஆக, நீங்கள் உண்மையில் முடிவு செய்ய வேண்டியது நரையைப் பற்றி இல்லை, எவ்வளவு நீளத்தை விட்டுக்கொடுக்க மனசு வரும் என்பதைத்தான்.

வளரும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், இருக்கிற டையைக் கழுவி எடுத்துவிட முடியாதா என்று எல்லோருக்கும் தோன்றும். நிரந்தர டை முடியின் மேல் பூசிய பூச்சாக இருந்தால் எடுத்துவிடலாம். அது அப்படி வேலை செய்வதில்லை. அம்மோனியா, அல்லது அந்த வேலையைச் செய்யும் வேறொரு காரப்பொருள், முடியின் மேல்செதிலைத் திறந்துவிடும். நிறமே இல்லாத சின்ன மூலக்கூறுகள் உள்ளே போகும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு அவற்றை ஒன்றோடொன்று சேர வைக்கும். சேர்ந்தபின் அவை பெரிய நிற மூலக்கூறுகளாகி வெளியே வர முடியாமல் உள்ளேயே தங்கிவிடும். அதே பெராக்ஸைடு உங்கள் சொந்தக் கருப்பையும் கொஞ்சம் வெளுத்துவிடுகிறது. அதனால் டைக்கு அடியில் உங்கள் அசல் நிறம் அப்படியே பத்திரமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். டையை எடுக்கும் ரிமூவரைப் போட்டவர்களுக்குச் செம்பட்டையும் ஆரஞ்சுமாக ஒரு நிறம் வருவது இதனால்தான். அதுவும் சிலருக்குச் சில நாளில் திரும்பக் கருத்துவிடும், ஏனென்றால் உடைந்த மூலக்கூறுகள் காற்றில் மறுபடி சேர்ந்துகொள்கின்றன.

உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். நான் நிறுத்திக் கொஞ்ச நாளான பிறகு சீப்பில் வந்த ஒன்றை அப்படி வைத்துப் பார்த்தேன். வேர்ப் பக்கம் கண்ணாடி இழை போல வெள்ளை. நடுவில் வெயில் பட்டுத் துருப்பிடித்த சிவப்பு. நுனியில், மாதாமாதம் டை வழிந்து வழிந்து ஏறியதில், மை மாதிரிக் கருப்பு. ஒரே முடியில் மூன்று நிறம். இத்தனை வருடமும் "இயற்கையான கருப்பு" என்று நான் நம்பிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அடுத்து, பார்லரில் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெளுத்து வெள்ளி நிறமாக்கித் தருகிறேன் என்பார்கள். இணையத்தில் வருகிற முன்-பின் படங்கள் பெரும்பாலும் அந்த வகைதான். செய்யவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் பல வருடக் கருப்பு டையை அந்த அளவுக்கு வெளுக்க, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வேண்டும், பலருக்கு ஒரு தடவையில் முடியவும் முடியாது. ப்ளீச் முடியின் உள்கட்டுமானத்தையே உடைக்கிறது. நனைந்த முடியை இழுத்தால் ரப்பர் போல நீண்டு அறுந்துபோகும் நிலைக்கு வந்தவர்கள் உண்டு. அப்புறம், ப்ளீச் தருவது வெள்ளி நிறம் இல்லை, மஞ்சள். அதை வெள்ளியாகக் காட்டுவது மேலே போடும் டோனர். டோனர் சில வாரங்களில் இறங்கிவிடும், மறுபடி போக வேண்டும். டையிலிருந்து தப்பிக்க நினைத்தவர் டோனரிடம் மாட்டிக்கொள்கிறார். எனக்கு இது வேண்டாத வேலையாகத்தான் படுகிறது.

அதையும் மீறிச் செய்யப் போகிறவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்லரில் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் தடவத் தடவக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்க வைக்கும் வகையறா எதையாவது போட்டிருந்தால், அதில் உலோக உப்புகள் இருக்க வாய்ப்பு அதிகம். அதன்மேல் ப்ளீச் பட்டால் சூடேறி முடி கருகிப் போகலாம். மருதாணியோடு அவுரிப் பொடி சேர்த்துப் போட்டவர்களுக்கு வெளுத்தால் பச்சை சாயல் வரலாம். எதுவானாலும் தலை முழுக்கக் கை வைக்கும் முன் உள்ளே ஒரு சின்னக் கற்றையில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, வெளுக்கவும் வேண்டாம், மொட்டையாக வெட்டவும் மனசில்லை என்றால்? பார்க்கிறவர் கண்ணில் உறுத்துவது அந்தக் கோடுதான். வேரிலிருந்து வந்த வெள்ளையும் பழைய கருப்பும் சந்திக்கிற இடம், வகிட்டின் இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நிற்கும். அந்தக் கோட்டை மங்கலாக்க முடிந்தால் பாதிக் கவலை தீரும். நேர் வகிடு எடுப்பதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில், அதுவும் வளைத்து வளைத்து எடுங்கள். முடி படிந்திருந்தால் கோடு பளிச்சென்று தெரியும், கொஞ்சம் அலையாக, உப்பலாக இருந்தால் தெரியாது. எண்ணெய் தடவி இழுத்து வாரிக்கொண்டால் நீங்களே கோட்டுக்கு விளக்குப் போட்டுக் காட்டுகிற கதை. செலவு செய்யத் தயார் என்றால் வகிட்டை ஒட்டியும் நெற்றியோரத்திலும் மட்டும் மெல்லிய இழைகளாக ஹைலைட் போட்டுக்கொள்ளலாம். தலை முழுக்க வெளுப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னும் நிறுத்தவில்லை, யோசித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. கடைசி சில டச்-அப்புக்குக் கருப்பு வேண்டாம். வேருக்கு மட்டும் கொஞ்சம் வெளிறிய பழுப்பு, அதுவும் டெமி-பெர்மனென்ட் வகையில் போடுங்கள். இருபது இருபத்தைந்து முறை அலசியதில் அது மங்கிவிடும். கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு இடைநிறம் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டப்பாவில் "அம்மோனியா இல்லாதது" என்று போட்டிருப்பதால் மட்டும் அது மங்கும் வகை ஆகிவிடாது. அம்மோனியாவுக்குப் பதில் வேறு காரப்பொருள் போட்ட நிரந்தர டையும் அதே வாசகத்தோடுதான் வருகிறது.

அந்த வாசகத்தைப் பற்றி இன்னொன்று. டை போட்ட பிறகு காதுக்குப் பின்னால், நெற்றி ஓரத்தில் அரிப்பு வருகிறது என்று பலர் அம்மோனியா இல்லாததற்கு மாறுகிறார்கள். அரிப்புக்குப் பெரும்பாலும் காரணம் பிபிடி என்கிற பாரா-ஃபினிலீன்டைஅமீன். கருப்பு, அடர் பழுப்பு டைகளில் அதுதான் முக்கிய சரக்கு, அம்மோனியா இல்லாதவற்றிலும் இருக்கும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக அது போவதில்லை, அடுத்தடுத்த தடவை கடுமையாகத்தான் வரும். கண் இமை வீங்குமளவுக்குப் போயிருந்தால் நரைக்கு மாறுவதா வேண்டாமா என்ற பேச்சே இல்லை. அன்றைக்கே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

காலவாரியாக எப்படிப் போகும்? முதல் மாதம் ஒன்றுமே தெரியாது, டச்-அப் தள்ளிப்போனவர் மாதிரி இருப்பீர்கள், அவ்வளவுதான். இரண்டாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம்வரைதான் சோதனை. தலையில் ஏதோ கொட்டிவிட்டது போல இருக்கும், போட்டோ என்றாலே பின்வரிசைக்கு ஓடத் தோன்றும். கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஆறு ஏழு செ.மீ. வெள்ளை இறங்கி நெற்றியைச் சுற்றி நிறைந்ததும் காட்சி மாறிவிடும். அதுவரை "உடம்புக்கு என்ன?" என்று கேட்டவர்கள், "எந்தப் பார்லரில் போட்டீங்க?" என்று கேட்பார்கள். நிஜமாகவே கேட்டார்கள். அந்தக் கட்டத்தில் ஒரு நல்ல வெட்டு வெட்டிக்கொண்டால் மீதிக் கருப்பு நுனியில் மட்டும்தான் இருக்கும்.

உங்கள் நரை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே இப்போது தெரியாது, அதற்கும் தயாராக இருங்கள். பலருக்கும் காதோரத்தில் தொடங்கி உச்சிக்குப் போய், பின்கழுத்தில் கடைசியாகத்தான் வெளுக்கும். எனக்கு முன்னால் நல்ல வெள்ளை, பின்னால் இன்னும் முக்கால்வாசி கருப்பு. இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, ஆளே இல்லாத இடத்துக்கும் சேர்த்து இத்தனை நாள் டை பூசிக்கொண்டிருந்தது தெரிந்தது. சாம்பல் நிறம் என்று தூரத்திலிருந்து தெரிவதும் பெரும்பாலும் வெள்ளை முடியும் கருப்பு முடியும் கலந்து கண்ணை ஏமாற்றுவதுதான்.

நரைமுடியின் குணமும் கொஞ்சம் வேறு. பலருக்கு முரடாக, சொன்ன பேச்சு கேட்காமல் நட்டுக்கொண்டு நிற்கும். வயதாக ஆகத் தலையில் எண்ணெய்ப்பசை சுரப்பதும் குறைகிறது, அதனால் கண்டிஷனரை விட்டுவிடாதீர்கள். மெலனின் என்கிற இயற்கை நிறப்பொருள் இல்லாத முடிக்கு வெயிலிலிருந்து பாதுகாப்பு குறைவு. வெயில், சூடான இஸ்திரிக் கருவிகள், சிகரெட் புகை, உப்புத் தண்ணீர் எல்லாம் அதை மஞ்சளாக்கும். ஊதா நிற ஷாம்பு என்று விற்கிறார்களே, அது இதற்குத்தான். மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா, அதனால் மஞ்சள் அடங்கித் தெரியும். வாரம் ஒருமுறை போதும். தினமும் போட்டால் தலையே லேசாக ஊதா அடிக்கும், அதுவும் நன்றாகத்தான் இருக்கும் என்பவர்கள் போடலாம்.

மனிதர்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆணுக்கு நரைத்தால் சால்ட் அண்ட் பெப்பர், பெண்ணுக்கு நரைத்தால் தன்னைக் கவனித்துக்கொள்வதில்லை என்பது ஊர் அறிந்த நியாயம். அதிகம் எதிர்ப்பது வெளியாளாக இருக்கமாட்டார். என் வீட்டில் அது என் அம்மா. எழுபதைத் தாண்டியும் டை அடிப்பவர். "நீ நரைச்ச தலையோட என் பக்கத்துல நின்னா, என் வயசு என்னன்னு நாலு பேர் கணக்குப் போட மாட்டாங்களா?" என்றார். இதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? இன்றுவரை அவர் கருப்பு, நான் வெள்ளை. யாரும் யாரையும் மாற்றவில்லை. வேலை தேடிக்கொண்டிருக்கிறீர்கள், இப்போது நரையோடு நேர்காணலுக்குப் போகத் தயக்கம் என்றால் ஆறு மாதம் தள்ளிப்போடுவதிலும் தப்பில்லை. டை அடிப்பது பாவம் என்று பேசும் கூட்டத்தோடு எனக்கு ஒத்துப்போகாது.

கடைசியாக, எல்லோருக்கும் வருகிற சபலம். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு முக்கியமான நிகழ்ச்சி, ஒரே ஒரு தடவை அடித்துக்கொண்டால் என்ன? நிரந்தர டை என்றால் அதுவரை வளர்ந்த அத்தனையும் கருப்புக்குள் போய்விடும், கணக்கு மறுபடி ஒன்றாம் மாதத்திலிருந்து தொடங்கும். அன்றைக்கு ஒரு நாளுக்கு வகிட்டில் அடித்துக்கொள்ளும் ரூட் ஸ்பிரே, பவுடர், மஸ்காரா மாதிரி தூரிகையோடு வருவது எல்லாம் இருக்கின்றன. அடுத்த தடவை தலைக்குக் குளித்ததும் போய்விடும். ஸ்பிரேயை நெற்றி ஓரத்தில் நேராக அடிக்காமல் பழைய டூத்பிரஷ்ஷில் எடுத்துத் தடவுங்கள், இல்லாவிட்டால் நெற்றியும் சேர்ந்து கருக்கும். வெயிலில் நிற்க வேண்டிய நாளானால் பவுடர் வேண்டாம், வியர்வையில் வழியும்.